ஒரே ராத்திரி... மூணு ரிப்போர்ட்!

தூக்கப் பரிசோதனை முடிவைப் படிப்பது எப்படி?

உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விடுகிறார்களா?

‘யாராவது என்ன... வீடே அதிருது!’ என்று சிரிக்கிறீர்களா? சிரித்துக்கொண்டே அந்தக் குறட்டையை ஒரு ராத்திரி கவனித்துப் பாருங்கள். சத்தம் திடீரென்று அடங்கி, பத்து இருபது விநாடி மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுக்கிறாரா? பகலில் பேப்பர் படிக்கும்போதே தலை தொங்குகிறதா? ஸ்கூட்டர் ஓட்டும்போது கண் சொருகுகிறதா? மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்க மாட்டேன் என்கிறதா? அப்படியானால் டாக்டர் அநேகமாக, ‘ஒரு ஸ்லீப் ஸ்டடி பண்ணிடலாமே’ என்பார்.

சரி, பண்ணியாச்சு. நாலைந்து பக்கத்துக்கு ரிப்போர்ட்டும் வந்தாச்சு. ஏகப்பட்ட கட்டங்கள், கோடுகள், சுருக்கெழுத்துகள். நம் கண் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். ‘ஏ.ஹெச்.ஐ.’ என்று போட்டிருக்கும். தூங்கும்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது, எத்தனை தடவை குறைந்தது என்பதன் கூட்டு எண்ணிக்கை அது. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே என்றால் நார்மல். 5 முதல் 15 வரை லேசான கோளாறு. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை.

ரொம்ப சுலபமாக இருக்கிறதே என்கிறீர்களா? இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே ராத்திரி, ஒரே மெஷின். ஆனாலும் எண்ணுகிற விதி மாறினால் ரிப்போர்ட்டில் வரும் எண்ணும் மாறும். ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுவதும், ‘நடுத்தரம்’ என்று சிகிச்சைக்குப் போவதும் அந்த விதியைப் பொறுத்தே அமையலாம். அதனால் உங்கள் ரிப்போர்ட் எந்த விதிப்படி தயாரானது என்று நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

ராத்திரி முழுக்க என்ன அளக்கிறார்கள்?

முதலில் டெஸ்ட்டைப் பார்த்துவிடுவோம். தலையில் சில இடங்களில் பசை வைத்து ஒயர் ஒட்டுவார்கள். மூளையின் மின் அலைகளைப் பிடிப்பதற்கு அது. கண் ஓரத்தில் ஒட்டுவது கண் அசைவுக்கு. மோவாயில் ஒட்டுவது தசை எவ்வளவு தளர்கிறது என்று பார்க்க. மூக்கில் ஒரு சின்னக் குழாயும், வெப்பத்தை உணரும் ஒரு கம்பியும் மூச்சுக் காற்றை அளக்கும். மார்பிலும் வயிற்றிலும் பெல்ட் போல ஒன்று கட்டுவார்கள். விரல் நுனியில் கிளிப் மாட்டுவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க. இது போக இதயத் துடிப்பு, கால் அசைவு, படுத்திருக்கும் பக்கம் எல்லாம் பதிவாகும்.

மார்பு பெல்ட் எதற்கு என்று கேட்கலாம். மூச்சு நிற்பதில் இரண்டு வகை உண்டு. தொண்டை அடைத்துக்கொண்டு காற்று போகாது, ஆனால் மார்பும் வயிறும் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும். இது ‘அடைப்பு’ வகை. மூளையிலிருந்தே ‘மூச்சு விடு’ என்ற உத்தரவு வராமல் மார்பு சும்மா கிடந்தால் அது ‘சென்ட்ரல்’ வகை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நல்ல ரிப்போர்ட்டில் இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் போட்டிருப்பார்கள்.

960 துண்டு... ஒரு எண்!

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதெல்லாம் பேப்பரில்தான் ஓடியது. விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் பேப்பர் ஓடினால் 30 சென்டிமீட்டர் பக்கத்தில் 30 விநாடி அடங்கும். அந்த வழக்கம் இன்றும் போகவில்லை. இப்போதும் ராத்திரியை 30 விநாடித் துண்டுகளாகத்தான் நறுக்குகிறார்கள். 8 மணி நேரத்துக்கு 960 துண்டு! ஒவ்வொன்றையும் பார்த்து ‘இது விழிப்பு, இது லேசான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம்’ என்று பயிற்சி பெற்ற டெக்னீஷியன் குறிக்க வேண்டும்.

ஆளுக்கொரு விதமாகக் குறித்தால் என்ன ஆவது? அதற்காகத்தான் 1968-ல் அமெரிக்காவில் ஆலன் ரெக்ட்ஷாஃபன், அந்தோணி கேல்ஸ் என்ற இருவர் தலைமையில் ஒரு விதிப் புத்தகம் போட்டார்கள். கிட்டத்தட்ட 40 வருஷம் அதுதான் வேதம். தூக்கத்தில் 1, 2, 3, 4 என்று நான்கு படிகள், அதோடு கனவுத் தூக்கம் என்று அது பிரித்தது. 2007-ல் ‘அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின்’ புதிய கையேடு கொண்டுவந்தது. அதில் 3, 4 இரண்டையும் சேர்த்து ‘என்-3’ என்று ஒன்றாக்கிவிட்டார்கள். ஆக, உங்கள் பழைய ரிப்போர்ட்டில் நான்காம் படி இருந்து புதியதில் இல்லையென்றால், ‘ஐயோ, ஆழ்ந்த தூக்கமே போச்சே!’ என்று பதறாதீர்கள். பெயர்தான் மாறியிருக்கிறது.

விதி ஒன்றாக இருந்தாலும் கண்கள் வேறுதானே? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 2,500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே பதிவுகளைக் கொடுத்துக் குறிக்கச் சொன்னார்கள். மொத்தத்தில் சுமார் 83 சதவிகிதம் ஒத்துப்போனது. கனவுத் தூக்கத்தில் சுமார் 90 சதவிகிதம். தூக்கம் வரும் ஆரம்பக் கட்டத்தில் மட்டும் 63 சதவிகிதம்தான்! அதனால் லேசான தூக்கம் ஒரு ரிப்போர்ட்டில் 8 சதவிகிதம், இன்னொன்றில் 11 சதவிகிதம் என்று இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

நின்றது சரி... குறைந்தது என்றால்?

தூக்கப் படிகளைவிடப் பெரிய குழப்பம் மூச்சைக் கணக்கிடுவதில்தான். மூச்சுக் காற்று 90 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைந்து, குறைந்தபட்சம் 10 விநாடி அப்படியே இருந்தால் அது ‘ஆப்னியா’. அதாவது மூச்சு நின்றது என்று அர்த்தம். இதில் பெரிய தகராறு இல்லை.

மூச்சு முழுசாக நிற்காமல் பாதியாகக் குறைந்தால்? அதற்குப் பெயர் ‘ஹைபாப்னியா’. எவ்வளவு குறைந்தால் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் நிபுணர்கள் பல வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள். இன்று புழங்குவது முக்கியமாக இரண்டு விதி. இரண்டிலும் மூச்சுக் காற்று 30 சதவிகிதமாவது, 10 விநாடிக்காவது குறைந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது.

முதல் விதி: கூடவே ரத்த ஆக்ஸிஜன் 4 புள்ளியாவது இறங்க வேண்டும். 96-லிருந்து 92-க்கு வந்தால் எண்ணலாம். 93-ல் நின்றுவிட்டால் எண்ணக்கூடாது.

இரண்டாவது விதி: ஆக்ஸிஜன் 3 புள்ளி இறங்கினாலே போதும். அல்லது ஆக்ஸிஜன் இறங்காவிட்டாலும், மூளை அலையில் ஒரு குட்டி விழிப்பு தெரிந்தால் போதும், எண்ணலாம்.

2007 கையேடு முதல் விதியைத்தான் சிபாரிசு செய்தது. 2012-ல் வந்த திருத்தம் இரண்டாவதைச் சிபாரிசு செய்தது. பின்னால் வந்த பதிப்பு முதலாவதையும் ‘ஏற்கத்தக்கது’ என்று சேர்த்துக்கொண்டது. கூடவே, ‘எந்த விதிப்படி எண்ணினீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள்’ என்றும் சொன்னது. நமக்கு வேண்டியது இந்தக் கடைசி வரிதான்.

வீட்டுக் கணக்கு ஒன்று போடுவோம்

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ராமசாமி என்று ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். லேபில் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தார். அதில் நிஜமாகத் தூங்கியது 6 மணி நேரம்.

மூச்சு நின்றது: 6 தடவை.

மூச்சு குறைந்து ஆக்ஸிஜன் 4 புள்ளி இறங்கியது: 18 தடவை.

மூச்சு குறைந்து ஆக்ஸிஜன் 3 புள்ளி மட்டும் இறங்கியது: 36 தடவை.

மூச்சு குறைந்து குட்டி விழிப்பு மட்டும் வந்தது: 36 தடவை.

முதல் விதிப்படி 6-ம் 18-ம் சேர்த்து 24. அதை 6 மணி நேரத்தால் வகுத்தால் 4. ‘நார்மல். போய்ட்டு வாங்க!’

இரண்டாவது விதிப்படி நான்கையும் சேர்த்து 96. ஆறால் வகுத்தால் 16. ‘நடுத்தரக் கோளாறு. சிகிச்சை பற்றிப் பேசணும்.’

இதே ராமசாமி லேபுக்குப் போகாமல், வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சின்ன மெஷினில் டெஸ்ட் செய்திருந்தால்? இந்த மாதிரி மெஷின்களில் பெரும்பாலும் மூளை அலை ஒயர் கிடையாது. அதனால் குட்டி விழிப்பு தெரியாது. 36 கழிந்தது. ஆள் எப்போது தூங்கினார், எப்போது விழித்திருந்தார் என்பதும் தெரியாது. அதனால் மெஷின் ஓடிய 8 மணி நேரத்தால்தான் வகுக்கும். 60-ஐ 8-ஆல் வகுத்தால் 7.5. ‘லேசான கோளாறு.’

ஒரே ராத்திரிக்கு நார்மல், லேசு, நடுத்தரம் என்று மூன்று ரிப்போர்ட்! இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டல் வகுத்தலும் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஒரே மூட்டை அரிசியைச் சின்னப் படியால் அளந்தால் ஒரு கணக்கும், பெரிய படியால் அளந்தால் இன்னொரு கணக்கும் வருமே, அந்த மாதிரிதான். எந்தப் படி என்று சொல்லாமல் ‘பத்து படி’ என்றால் வாங்குகிறவருக்கு என்ன புரியும்?

நிஜத்திலும் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 328 பேரின் தூக்கப் பதிவுகளை எடுத்து, மூன்று விதிகளின்படியும் எண்ணிப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. 1999-ல் வகுத்த பழைய விதிப்படி அவர்களின் நடு எண் 25.1. 2007 கையேட்டில் ‘மாற்று விதி’ என்று கொடுத்திருந்ததன்படி 14.9. அதே கையேட்டின் சிபாரிசு விதிப்படி 8.3! பழைய விதிப்படி கோளாறு இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில், புதிய சிபாரிசு விதிப்படி பார்த்தால் சுமார் 40 சதவிகிதம் பேர் 5-க்குக் கீழே வந்து ‘நார்மல்’ ஆகிவிட்டார்கள். அவர்களின் தொண்டையில் ஒன்றும் மாறவில்லை.

இதன் பலன் என்ன தெரியுமா? 2010-ல் டெஸ்ட் செய்துகொண்ட ஒருவர், கஷ்டப்பட்டு எட்டு கிலோ இளைத்து, 2015-ல் மறுபடி செய்துகொள்கிறார். எண் குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது. ‘இளைச்சும் பிரயோஜனமில்லையே’ என்று அவர் வாக்கிங்கையே விட்டுவிடக்கூடும். ஆனால் முதல் டெஸ்ட் 4 புள்ளி விதி, இரண்டாவது 3 புள்ளி விதி. உண்மையில் அவர் தேறியிருக்கலாம்!

ஒரே விதியாக வைத்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. 4 புள்ளி விதிக்காரர்கள் சொல்வது இது: ஆக்ஸிஜன் நன்றாக இறங்குவதை மெஷின் சந்தேகமில்லாமல் காட்டும், எண்ணுகிறவர்களுக்குள் வித்தியாசம் குறையும். குட்டி விழிப்பு என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது.

3 புள்ளி விதிக்காரர்கள் சொல்வது: வயது குறைந்தவர்கள், ஒல்லியானவர்கள், பெண்கள் பலருக்கு ஆக்ஸிஜன் அவ்வளவு இறங்காது. அதற்குள் மூளை விழித்து மூச்சைச் சரிசெய்துவிடும். ராத்திரி முழுக்க இப்படி விழித்து விழித்துத் தூங்கினால் பகலெல்லாம் அசதிதான். 4 புள்ளி விதி இவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது.

இந்தக் கடைசி வாதத்தைப் பெண்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘வீட்டு வேலை, ஆபீஸ் வேலை... அதான் அசதி’ என்று ஒதுக்கப்படும் எத்தனையோ பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருக்கக்கூடும்.

இதில் பணமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸ் ‘மெடிகேர்’ 4 புள்ளி விதியைத்தான் ஏற்கும். அதனால் அங்கே பல லேப்கள் இரண்டு விதிப்படியும் எண்ணி, இரண்டு எண்ணையும் ரிப்போர்ட்டில் போட்டுவிடுகின்றன. விதி ஒன்றாகும் வரை இதுதான் நேர்மையான வழி. நம் ஊரிலும் நாம் இதைக் கேட்டு வாங்கலாம்.

ஒற்றை எண் மட்டும் போதுமா?

போதாது. 20 என்ற ஒரே எண் வந்த இருவரில், ஒருவருக்கு ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே போயிருக்காது. இன்னொருவருக்கு 72 வரை இறங்கியிருக்கும். இருவரும் ஒன்றா? அதனால் ரிப்போர்ட்டில் இவற்றையும் தேடிப் பாருங்கள்.

மொத்தத் தூக்க நேரம்: லேபில் புது இடம், ஒயர்கள். சிலர் மூன்று மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்துச் சொன்ன எண்ணை ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படுத்திருந்த பக்கம்: பலருக்கு மல்லாந்து படுத்தால்தான் தொந்தரவு அதிகம். ஒரு ராத்திரி முழுக்க ஒருக்களித்தே படுத்திருந்தால் எண் குறைவாக வரும். மல்லாந்து எவ்வளவு நேரம், அப்போது எண் என்ன என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும்.

கனவுத் தூக்கம்: தசைகள் மிகவும் தளரும் நேரம் இது. சிலருக்கு மூச்சுத் தடை இதில்தான் மோசமாகும். அன்று கனவுத் தூக்கமே வரவில்லை என்றால் கோளாறு முழுசாக வெளியே தெரிந்திருக்காது.

ஆக்ஸிஜன்: மிகக் குறைந்த அளவு என்ன, 90-க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்ற இரண்டையும் பாருங்கள்.

பாதி ராத்திரி டெஸ்ட்: சில லேப்களில் முன்பாதி ராத்திரி டெஸ்ட், பின்பாதியில் ‘சி-பேப்’ மெஷின் மாட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணின் பெயரையும் கவனியுங்கள். ‘ஏ.ஹெச்.ஐ.’, ‘ஆர்.டி.ஐ.’, ‘ஆர்.இ.ஐ.’, ‘ஓ.டி.ஐ.’ எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றல்ல. ஆர்.டி.ஐ.யில், ஏ.ஹெச்.ஐ.யில் சேராத சின்னச் சின்ன மூச்சுத் திணறல்களும் சேரும். ஆர்.இ.ஐ. என்பது வீட்டு மெஷின் கணக்கு. ஓ.டி.ஐ. ஆக்ஸிஜன் இறக்கத்தை மட்டும் எண்ணும். போன வருஷ ஆர்.டி.ஐ.யை இந்த வருஷ ஆர்.இ.ஐ.யோடு ஒப்பிட்டு சந்தோஷப்படுவதோ வருத்தப்படுவதோ வேண்டாம்.

குழந்தைகளுக்கு விதி வேறு!

அம்மாக்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். டான்சில், அடினாய்டு வீங்கி, வாய் திறந்து தூங்கும் குழந்தைக்கும் இதே டெஸ்ட் உண்டு. ஆனால் குழந்தைகளுக்கு 10 விநாடிக் கணக்கு கிடையாது. இரண்டு மூச்சு விடும் நேரம் தடைப்பட்டாலே எண்ண வேண்டும். மணிக்கு 1-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டிய விஷயம். பெரியவர்களுக்கான அச்சடித்த ஃபாரத்தில் ‘5-க்குக் கீழே நார்மல்’ என்று இருக்கும். உங்கள் ஆறு வயதுக் குழந்தைக்கு 4 என்று வந்து, பக்கத்தில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ‘குழந்தைகள் விதிப்படி எண்ணினீர்களா?’ என்று கேளுங்கள். 13 வயதுக்கு மேல் பெரியவர்கள் விதியைப் பயன்படுத்த இடமுண்டு. அப்போதும் எந்த விதி என்று எழுதியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வாங்கும்போது கேளுங்கள்!

1. மூச்சு குறைந்ததை எந்த விதிப்படி எண்ணினீர்கள்... 3 புள்ளியா, 4 புள்ளியா? ரிப்போர்ட்டில் எழுதித் தர முடியுமா?

2. தூங்கிய நேரத்தால் வகுத்தீர்களா, மெஷின் ஓடிய நேரத்தால் வகுத்தீர்களா?

3. கம்ப்யூட்டர் தானாக எண்ணியதா, பயிற்சி பெற்றவர் பார்த்துச் சரிசெய்தாரா? கம்ப்யூட்டர் கணக்கை அப்படியே அச்சடித்துத் தருவது போதாது.

4. அடைப்பு வகை எத்தனை, சென்ட்ரல் வகை எத்தனை?

5. மல்லாந்து படுத்தபோது என்ன, கனவுத் தூக்கத்தில் என்ன?

6. ஆக்ஸிஜன் எவ்வளவு கீழே போனது, எவ்வளவு நேரம்?

7. எனக்கு முழு ரிப்போர்ட்டின் காப்பி கிடைக்குமா? சுருக்கம் எழுதிய ஒற்றைத் தாள் மட்டும் வாங்கி வராதீர்கள்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் வேண்டாம். விவரம் தெரிந்த டாக்டருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கவே செய்யும்.

இரண்டு எச்சரிக்கை. எண் ‘நார்மல்’ என்று வந்தாலும் பகல் தூக்கமும் அசதியும் அப்படியே இருந்தால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். டெஸ்ட் செய்த அந்த ஒரு ராத்திரி மாதிரியே எல்லா ராத்திரியும் இருக்கும் என்பதில்லை. குறிப்பாக, வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால், அது தீரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். அதே மாதிரி, புது ரிப்போர்ட்டில் எண் குறைந்துவிட்டது என்று சி-பேப் மெஷினை நீங்களாகவே தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். விதி மாறியதால் குறைந்ததா, நிஜமாகவே குறைந்ததா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ஃபைல் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் அதிலேயே வையுங்கள். மேலே, கொட்டை எழுத்தில் தேதியோடு எந்த விதி என்றும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை டெஸ்ட் செய்யும்போதும், நாளைக்கே ஏதாவது ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கேட்கும்போதும் அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.